கேபிளை ஒட்டி நீட்டிய பின் ஒலி கெட்டால்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் வழிமுறை

மேடையிலிருந்து மிக்ஸர் வரை 25 மீட்டர் இருக்கிறது. கையிலிருப்பவையோ பத்துப் பத்து மீட்டரில் மூன்று கேபிள்கள். ஒன்றின் நுனியில் மற்றொன்றைச் செருகி வேலையை முடிப்பது எல்லா மண்டபங்களிலும் நடப்பதுதான். அதன் பிறகு ஒலி மங்கினாலும் இரைந்தாலும் பழி முழுவதும் ‘ஜாயின்ட்’ மீது விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் அது வீண்பழி. இறுக்கமாகவும் துருவின்றியும் அமைந்த ஒரு செருகு இணைப்பின் மின்தடை சில மில்லி ஓம் அளவில்தான் இருக்கும். சாதாரண மைக் கேபிளுக்குள் ஓடும் மெல்லிய கம்பியின் ஒரு மீட்டர் நீளத்துக்கே அதைவிடப் பன்மடங்கு தடை உண்டு. ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் கூடிப்போன நீளம், அல்லது நீட்டக் கூடாத இடத்தில் நீட்டியது, அல்லது வகை மாறிய கேபிளை நடுவில் சேர்த்தது. ஒழுங்காகச் செய்யப்படாத இணைப்பும் காரணமாகலாம். ஆனால் அதற்கென்று தனியான அறிகுறிகள் இருக்கின்றன. காதில் விழுவதை வைத்தே பழுது எங்கே என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒரே ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். ஒலியைக் குறைத்துவிட்டு, மைக்கையோ மடிக்கணினியையோ மிக்ஸரின் அருகிலேயே கொண்டுவந்து, ஒரு சிறிய கேபிளால் நேரடியாக இணைத்துக் கேளுங்கள். அப்போதும் அதே குறை இருந்தால் நீட்டிய கேபிள்கள் குற்றமற்றவை. வேறு இடத்தில் தேட வேண்டும். குறை நீங்கினால், மூன்று கேபிள்களையும் ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்து, பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். தனித்தனியே நன்றாக இருப்பவை சேரும்போது மட்டும் கெடுகின்றன என்றால் நீளமோ, அவை சேரும் முறையோதான் காரணம். பத்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அரை நாள் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானே அலைந்திருக்கிறேன்.

அறிகுறி: ஸ்பீக்கரின் சத்தம் குறைகிறது, தாழ்ந்த ஒலி கட்டுக்கோப்பு இழந்து ‘தொம்’மென்று பரவுகிறது

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியை நீட்டியிருந்தால் மட்டுமே இந்த அறிகுறி பொருந்தும். இங்கே ஓடுவது மெல்லிய சிக்னல் அல்ல. ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம். ஆகவே கம்பியின் தடிமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கடைகளில் 14/36, 23/36, 40/36 என்று கேட்டு வாங்கும் கம்பிகளில் முதல் எண் உள்ளே இருக்கும் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வோர் இழையின் கேஜ் அளவு. 14/36 என்பது சுமார் 0.4 சதுர மில்லிமீட்டர் செம்பு. 40/36 என்பது சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர். ஸ்பீக்கர் 30 மீட்டர் தூரத்தில் இருந்தால் மின்னோட்டம் போகவும் வரவுமாக 60 மீட்டர் செம்பைக் கடக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த 60 மீட்டருக்கு 14/36 கம்பியின் தடை ஏறத்தாழ 2.5 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருடன் இது தொடரில் நிற்கும்போது ஒலி 2.4 டெசிபெல் அளவுக்குக் குறைகிறது. கம்பித் தடையே இல்லாதிருந்தால் ஸ்பீக்கருக்குக் கிடைத்திருக்கக்கூடிய திறனில் 58 சதவீதம்தான் அதைச் சென்றடைகிறது. அதே கம்பியின் முனையில் இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகப் போட்டு 4 ஓம் ஆக்கினால் அது 38 சதவீதமாகச் சரிகிறது. கூடுதலாக ஒரு பெட்டியை மாட்டியும் சத்தம் எதிர்பார்த்தபடி கூடவில்லையே என்ற புகாருக்கு இதுவே விடை. 40/36 கம்பியில் இதே 60 மீட்டருக்குத் தடை 0.9 ஓமுக்கும் குறைவு. 8 ஓம் பெட்டி ஒன்றுக்கு இழப்பு ஒரு டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும்.

தாழ்ந்த ஒலி தளர்வதற்கும் காரணம் இந்தத் தடைதான். 8 ஓம் என்று ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருந்தாலும், அதன் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்தை அது எதிர்க்கும் அளவு) ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். கூம்பு தானாக அதிர விரும்பும் ஒத்ததிர்வு இடத்தில் அது பல மடங்கு உயர்ந்துவிடும். நடுவில் நிற்கும் கம்பித் தடை, மறுப்பு குறைவாக உள்ள இடங்களில் அதிகமாகவும், உயர்ந்த இடத்தில் குறைவாகவும் பறிப்பதால், ஒத்ததிர்வு மட்டும் மேடுபோல் எழுந்து நிற்கிறது. கூம்பைப் பிடித்து நிறுத்தும் ஆம்ப்ளிஃபயரின் பிடியும் அத்தனை ஓம் தள்ளிப்போய்விடுகிறது.

இணைத்து நீட்டும்போது இன்னொரு கண்ணி உண்டு. 20 மீட்டர் 40/36 கம்பியின் முனையில், போதவில்லை என்பதற்காக 10 மீட்டர் 14/36 கம்பியைச் சேர்த்தால், அந்தப் பத்து மீட்டரின் தடை மற்ற இருபது மீட்டரின் தடையைவிட அதிகம். நல்ல கம்பிக்குக் கொடுத்த பணம் வீணாகிறது. மைக் கேபிளையோ கிட்டார் கேபிளையோ ஸ்பீக்கருக்கு ஒட்டுப்போடுவது இதைவிட மோசம். அவற்றின் உள்கம்பி இன்னும் மெல்லியது, பெரிய ஆம்ப்ளிஃபயரில் சூடேறவும் செய்யும்.

தீர்வுகளில் எனக்குப் பிடித்தது, கம்பியைத் தடிமனாக்குவதைவிட ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கரின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மிக்ஸரிலிருந்து அதற்கு வரும் மெல்லிய பேலன்ஸ்டு கேபிளை (இரைச்சலைக் கழித்து நீக்கும் இரட்டைக் கம்பிக் கேபிள், விளக்கம் பின்னால் வரும்) நீட்டிக்கொள்வதுதான். தெருவெங்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டும் கோயில் திருவிழாக்களில் அது முடியாது. அதற்காகத்தான் 100 வோல்ட் லைன் முறை இருக்கிறது. அங்கே 100 வாட் பளு என்பது 100 ஓமுக்குச் சமம். மேலே பார்த்த அதே 2.5 ஓம் கம்பி அதற்கு நடுவில் நின்றால் இழப்பு 0.2 டெசிபெல் அளவுதான். மெல்லிய ஒயரில் பல கம்பங்களைத் தாண்டிப் பாட்டுப் போவதன் இரகசியம் மின்னழுத்தத்தை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைத்ததுதான். ஆனால் ஒவ்வொரு குழாயிலும் அதற்குரிய லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும்; 8 ஓம் பெட்டியை நேரடியாக அந்த லைனில் மாட்டக் கூடாது. இந்த லைனின் ஒட்டுகளை வெறுங்கையால் தொடவும் கூடாது, திறந்தபடி விடவும் கூடாது.

அறிகுறி: சத்தம் இருக்கிறது, கூர்மை போய்விட்டது

எலெக்ட்ரிக் கிட்டாரில் இது உடனே தெரியும். போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும். கேபிளின் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய செம்பு வலையான ஷீல்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக வேலை செய்கின்றன. சாதாரணக் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று கொள்ளலாம். கிட்டாரின் பிக்அப் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட சுருள். அதன் தூண்டமும் கேபிளின் தேக்கமும் சேர்ந்து ஓர் இடத்தில் ஒத்ததிர்ந்து, அதற்கு மேலுள்ள ஒலிகளை வெட்டிவிடும். 3 ஹென்றி சுருளுக்கு 5 மீட்டர் கேபிளை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்த இடம் சுமார் 4,100 ஹெர்ட்ஸ். கேபிள்களைச் சேர்த்து 20 மீட்டராக்கினால் அது பாதியாகி 2,050 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பளபளப்பு முழுவதும் அதற்கு மேலேதான் இருக்கிறது.

நீளம் ஒலியைத் தின்னும் இந்தக் கதை பழையது. 1858ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கேபிளில் குறிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கின. விக்டோரியா மகாராணியின் 98 சொல் செய்தி போய்ச் சேரப் பதினாறு மணி நேரமாயிற்று. மின்னழுத்தத்தைக் கூட்டித் தள்ளப் பார்த்தார்கள். சில வாரங்களில் கேபிளே செத்துப்போனது. மங்கிய ஒலிக்கு ஈக்வலைசரின் டிரெபிள் குமிழை முழுவதும் திருகிவைப்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்: போன ஒலி திரும்புவதில்லை, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் கூடுகிறது.

வீணையிலும் வயலினிலும் ஒட்டும் கான்டாக்ட் மைக் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது பெரும்பாலும் அதிர்வை மின்னழுத்தமாக்கும் பீசோ தகடு. தானே ஒரு மின்தேக்கி. கேபிள் நீளும்போது கூர்மை குறையாமல் மொத்தச் சத்தமும் சமமாகக் குறையும். தாழ்ந்த ஸ்வரங்கள் மட்டும் காணாமல் போனால் குற்றம் கேபிளுடையதல்ல, மிக்ஸர் உள்ளீட்டின் மின்மறுப்பு அதற்குப் போதவில்லை என்று பொருள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கருவியின் அருகிலேயே, உயர்ந்த உள்ளீட்டு மறுப்பு உள்ள ஆக்டிவ் டி.ஐ. பெட்டியை (கருவியின் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்ற பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மைக் கேபிளை நீட்டிக்கொள்ளலாம்.

ஏனெனில் பாடகர் பிடிக்கும் சாதாரண மைக்குக்கு இந்த நோய் அநேகமாக வராது. அதன் மறுப்பு சுமார் 200 ஓம். 100 மீட்டர் கேபிள் சேர்த்தாலும் வெட்டு விழும் இடம் 80,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. மூன்று மைக் கேபிள்களைச் சேர்த்ததால் குரல் மங்கிவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் மைக்கின் வலைக்குள் படிந்த எச்சிலையும் தூசியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: ‘ம்ம்ம்’ என்ற உறுமல், அல்லது ‘ஸ்ர்ர்’ என்ற இரைச்சல்

இரண்டையும் முதலில் பிரித்துக் கேட்க வேண்டும். உருண்டையான ஆழ்ந்த உறுமல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். முள்முள்ளாகக் குத்தும் இரைச்சல் அதன் மடங்குகளால் ஆனது. டிம்மர் வைத்த விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் அதை உண்டாக்கும். விளக்கை அணைத்ததும் நின்றால் விடை கிடைத்துவிட்டது. ஒலிக் கேபிளை மின் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இரண்டையும் விலக்குங்கள், கடக்கத்தான் வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும், பக்கம் பக்கமாக ஓட வேண்டாம்.

உறுமலுக்கு இரண்டு சோதனைகள் போதும். செருகியின் உலோக உடலைக் கையால் தொடுங்கள். உறுமல் குறைந்தால் ஷீல்டு எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் ஒட்டுப்போட்ட இடத்தில். தொட்டும் மாற்றமில்லை, ஆனால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டதும் உறுமல் நின்றுவிடுகிறது என்றால் அது எர்த் வளையம்: மேடையில் ஒரு பிளக் பாயின்ட்டும் மிக்ஸர் பக்கம் இன்னொன்றும் வெவ்வேறு வழியாக எர்த்தைத் தொட, அவற்றுக்கிடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு உங்கள் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக ஓடுகிறது. கேபிள் நீள நீள இரண்டு முனைகளும் வெவ்வேறு பாயின்ட்டுகளுக்குப் போய்விடுவதால், நீட்டியதும் உறுமல் வந்தது போலத் தோன்றுகிறது.

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். முடியாவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ டி.ஐ. பெட்டியோ போடுங்கள். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பதும், அதை இரண்டு முனை அடாப்டரில் செருகுவதும் உறுமலை நிறுத்தத்தான் செய்யும். கருவிக்குள் ஒரு கசிவு ஏற்பட்ட நாளில், மைக்கைப் பிடித்திருக்கும் கையின் வழியாக அந்த எர்த் போகும். இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பேலன்ஸ்டு கேபிளில் இந்தத் தொல்லைகள் வெகுவாகக் குறைவு. ஒரே சிக்னலை இரண்டு முறுக்கிய கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி, வழியில் இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சலைக் கடைசியில் ஒன்றை ஒன்று கழித்து நீக்கிவிடும் உத்தி அது. முறுக்கிய இரட்டைக் கம்பிக்கு 1881இல் காப்புரிமை பெற்றவர் தொலைபேசி தந்த கிரகாம் பெல். ஆனால் மூன்று கேபிள்களில் ஒன்று மட்டும், ஒரு பக்கம் எக்ஸ்.எல்.ஆர். (மைக் கேபிளின் மூன்று முனைச் செருகி), மறுபக்கம் மோனோ பின் வைத்த கேபிளாக இருந்தால் முழு நீளமும் பேலன்ஸ் இழந்துவிடும். மண்டபங்களில் நான் பார்த்த உறுமல்களில் கணிசமானவை இப்படி நடுவே புகுந்த ஒற்றைத் துண்டால் வந்தவையே.

அறிகுறி: பாட்டில் இசை கேட்கிறது, பாடகரின் குரல் மறைந்துவிட்டது

முதன்முறை கேட்பவரைத் திகைக்க வைக்கும் அறிகுறி இது. கைபேசியில் நன்றாக ஒலிக்கும் பாடலை ஆக்ஸ் கேபிளை நீட்டிப் போட்டால், வயலின்களும் எதிரொலியும் மட்டும் குகைக்குள்ளிருந்து வருவது போல மிதக்கின்றன; குரலும் தாளமும் இல்லை. ஸ்டீரியோப் பதிவில் குரல் இடம் வலம் இரண்டிலும் சமமாக இருக்கும். பொதுவான கிரவுண்ட் இணைப்பு அறுந்தால் இடமும் வலமும் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு, சமமாக இருப்பவை அழிந்து, வேறுபடுபவை மட்டும் மிஞ்சும்.

இரு கேபிள்கள் சேரும் இடத்தில் பின் முழுவதும் உள்ளே போகவில்லையா என்று முதலில் பாருங்கள். அடுத்து, மைக் வசதியுள்ள நான்கு தொடுமுனைப் பின்னை மூன்று தொடுமுனை உள்ள நீட்டிப்புக் கேபிளில் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். சில சாக்கெட்டுகளில் கிரவுண்டு முனை தவறான வளையத்தில் போய் உட்காரும். ஹெட்செட்டாக இருந்தால் அதன் மைக் பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது குரல் திரும்பினால் ஐயமே இல்லை, காரணம் இதுதான்.

ஒட்டில் குறையே இல்லாமலும் இது நேரும். மடிக்கணினியின் ஸ்டீரியோ வெளியீட்டை, இருபுறமும் ஸ்டீரியோப் பின் வைத்த கேபிளால் மிக்ஸரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் செருகினால், மிக்ஸர் தன் கடமையைத்தான் செய்கிறது: ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. ஸ்டீரியோவை இரண்டு மோனோப் பின்களாகப் பிரிக்கும் கேபிளை வாங்கி இரண்டு சேனல்களில் போடுவதே முறை.

அறிகுறி: மைக் ஒலி மெலிந்திருக்கிறது, அல்லது ஒரு மைக் மட்டும் வேலை செய்யவில்லை

எக்ஸ்.எல்.ஆர். செருகியில் முதல் முனை ஷீல்டு. இரண்டும் மூன்றும் சிக்னல். மல்டிமீட்டரால் ஒரு முனைக்கு மறுமுனை தொடர்ச்சி பார்த்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். டைனமிக் மைக்கில் இரண்டோ மூன்றோ அறுந்தால் ஒலி மெலிந்து தகரம்போல் கேட்கும். டைனமிக் மைக் உறுமலோடாவது பேசுகிறது, அதே கேபிளில் கன்டென்சர் மைக் பேசவே இல்லை என்றால் முதல் முனை அறுந்திருக்கிறது. ஏனென்றால் கன்டென்சர் மைக்குக்கு மிக்ஸர் அதே கேபிள் வழியாக அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் திரும்பி வரும் வழி ஷீல்டுதான்.

ஒட்டுப்போட்டவர் இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பற்றவைத்திருந்தால் அந்தக் கேபிள் தனியே கேட்கும்போது எந்தக் குறையும் காட்டாது. அருகருகே இரண்டு மைக் வைத்து இரண்டையும் ஒன்றாகத் திறக்கும்போதுதான் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தாழ்ந்த ஒலி) காணாமல் போகும்.

அறிகுறி: ஒலி அடிக்கடி முற்றிலும் நின்று நின்று வருகிறது

டிஜிட்டல் கேபிள்களில் மங்குவது என்பது கிடையாது. இருக்கும், அல்லது விட்டுவிட்டு இருக்கும். யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. சாதாரண நீட்டிப்புக் கேபிளைச் சேர்த்து அதைத் தாண்டினால் மைக்கையும் கருவிகளையும் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இப்படித்தான் விட்டுவிட்டு வரும். டிஜிட்டல் பகுதியைச் சுருக்கி, அனலாக் பகுதியை நீட்டுங்கள்.

அறிகுறி: கேபிளை அசைத்தால் ‘கரகர’, அவ்வப்போது வானொலியோ கைபேசியின் ‘டிட் டிட்’ ஓசையோ

இங்கேதான் ஒட்டு உண்மையிலேயே குற்றவாளி. கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்யும். சில மாதங்களில் டேப்பின் பசை வெயிலில் இளகி, ஈரம் புகுந்து, செம்பு கறுத்துவிடும். கறுத்த செம்பின் படலம் மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் எளிதில் விடும் தன்மை கொண்டது. பழைய வானொலிப் பெட்டியின் டிடெக்டர் செய்ததும் அதையேதான். அருகில் வலுவான ஒலிபரப்பு நிலையம் இருந்தால் கச்சேரிக்கு நடுவே செய்தி வாசிப்பது அப்படித்தான். 2ஜி கைபேசியின் ஓசை அதன் அலைத் துடிப்பு நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு வருவதால் உண்டாவது. ஷீல்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் அது நுழையும்.

கேபிளை நுனியிலிருந்து நுனிவரை அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே வாருங்கள். கரகரப்பு செருகியின் கழுத்தில் எழுந்தால், உள்ளே இழைகள் ஒடிந்திருக்கின்றன. இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். நடு ஒட்டில் எழுந்தால், என் கருத்தில் அந்த ஒட்டைத் திருத்துவதைவிட, இரு நுனிகளிலும் ஆண், பெண் செருகிகளை வைத்து இரண்டு தனிக் கேபிள்களாக்கிவிடுவதே மேல்.

ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இரு உள்கம்பிகளையும் ஒரே இடத்தில் வெட்டாமல் இரண்டு சென்டிமீட்டர் முன்பின்னாக வெட்டுங்கள். ஒட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் அமையாமல் இருந்தால் புடைப்பும் வராது, உரசி ஷார்ட் ஆகவும் ஆகாது. சுருங்கும் குழாய்களைப் பற்றவைக்கும் முன்பே கம்பியில் கோத்துவிடுங்கள்; இதை மறந்துவிட்டுப் பற்றவைத்ததைப் பிரித்தவர்கள் சங்கத்தில் எல்லா மெக்கானிக்குகளும் உறுப்பினர்கள். கம்பியைச் சூடாக்கி, அதன் சூட்டில் ஈயம் உருகி ஓட வேண்டும். ஈயத்தை உருக்கிக் கம்பியின் மேல் சொட்டவிடக் கூடாது. ஆறும்வரை அசைக்காமல் பிடித்தால் ஒட்டு பளபளப்பாக இருக்கும். மங்கலாகவும் மணல்மணலாகவும் ஆறியது மறுபடி கரகரக்கும். கடைசியாக, ஷீல்டின் வலையைத் தனியே முறுக்கி இணைத்ததோடு விட்டுவிடாமல், ஒட்டின் மேல் முழுவதையும் வலையாலோ செம்புப் படலத்தாலோ போர்த்தி, அதன் மேல் சுருங்கும் குழாயை ஏற்றுங்கள். அந்த ஒட்டு தரையில் கிடந்து மிதிபடாமல், மழைத்தண்ணீர் தேங்காத உயரத்தில், இழுவிசை அதன் மேல் விழாதபடி ஒரு முடிச்சுத் தள்ளிக் கட்டப்பட வேண்டும்.